பாடகர் அலமாரி

தேவாலயத்தைப் பூட்டிய வாரம்
சாமான்களை ஏலம் விட்டார்கள்.
மணி ஹாலிஃபாக்ஸுக்குப் போயிற்று.
பெஞ்சுகளை ஓர் உணவகக்காரன் ஏற்றிக்கொண்டான்.
பாடகர் குழுவின் அங்கி அலமாரியை
யாரும் சீந்தவில்லை.
பதினைந்து டாலர். கை தூக்கினேன்.

எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்த விரிகுடாவில்
கேட்காமலே தெரிந்துகொள்வதுதான் வழக்கம்.

உள்ளே இன்னும் பாச்சை உருண்டை நெடி.
நான்கு கொக்கிகள்.
மேலே பென்சிலில் பெயர்கள்:
திர்சா, அவிஸ், லேவி, ஹெட்லி.
வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி என்கிறது சட்டம்.
கணக்கு சரியாக வந்தது.

உள்சுவருக்கு வெள்ளை அடித்தேன்,
பெயர்களின் பக்கம் தூரிகையை வளைத்து.
செத்த கணினிகளின் விசிறிகளைக் கழற்றிக்
கீழே ஒன்று, மேலே ஒன்று.
வாசனை வெளியேறாமலிருக்க
பழைய காலுறைக்குள் கரித்துண்டு.
மீன் ஆலையில் இருபத்திரண்டு வருடம்
நண்டுக்கால் உடைத்த விரல்கள்
திருகாணியைப் பிடிக்க மறுக்கின்றன.
ஆணிக்கு ஒரு கெட்ட வார்த்தை வீதம்
முப்பத்தொன்று.
அங்கிகள் தொங்கிய மரம்
அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

உரத்தைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்றொரு வீம்பு.
புயல் கரையில் எறிந்த கடற்பாசி,
மூன்று மழையில் உப்புக் கழுவியது.
ஆலையின் பின்புறக் குவியலிலிருந்து
நண்டு ஓடு, சுத்தியலால் பொடித்தது.
ஜூன் மாதம் அலையோடு வந்து கரையில் புரண்ட
கேப்லின் மீன், ஒரு வாளி,
புதைத்து மட்கவிட்டது.
அப்புறம் தபாலில் வந்த மண்புழுக்கள்,
ஐந்நூறு பேர்.

நவம்பரில் விதை வாய் திறந்தது.
உள்ளே பதினெட்டு மணி நேர வெயில்,
என் கையால் திருகி வைத்தது.
வெளியே சூரியன்
நாலரைக்கே கடையைச் சாத்துகிறவன்.

பூக்கவேண்டுமென்றால்
பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும்.
நூலளவு ஒளியும் ஆகாது.
சோதிக்க ஒரே வழி
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வது.
ஐம்பத்தெட்டு வயதில்
தொட்டிகளுக்கு நடுவே குந்தினேன்.
கண் பழக நேரமாயிற்று.
கீல் ஓரத்தில் ஓர் ஊசிமுனை நட்சத்திரம்.
பஞ்சை வைத்து அடைத்தபிறகும்
எழுந்து வர மனமில்லாமல்
கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரிப் புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லை.
செடிகளைவிடப் புழுக்கள்தான் கவலை.
வாளியைப் போர்வைக்குள் இழுத்துப் படுத்தேன்.
விவாகரத்துக்குப் பிறகு என் படுக்கையில்
இன்னோர் உயிர் உறங்கியது அன்றுதான்.
குறட்டை இல்லை.

மூன்றாம் நாள் பனியில் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு
ஹெட்லி வந்தார்.
என் அப்பாவின் வலையைப் பறிமுதல் செய்த
மீன்வளத்துறை அதிகாரி.
ஓய்வுக்குப் பின்னும் அதே காக்கித் தொப்பி.
'புழுக்களுக்குக் குளிர்கிறது' என்றேன்.
நம்பியதுபோல் இருந்தார்.
அலமாரியைத் திறந்து டார்ச் அடித்தேன்.
தன் பெயரைப் படித்தார்.
அதன்கீழ் நின்ற செடியைப் பார்த்தார்.
கணுக்களில் குட்டிக் குட்டிப் பைகள்.
அப்போதுதான் நானும் பார்க்கிறேன்.

'இது ஆண். பிடுங்கவேண்டும்.
விட்டால் மகரந்தம் பரவி
மற்ற மூன்றையும் கெடுத்துவிடும்.'

கொஞ்சம் யோசித்தார்.
'பாடகர் குழுவிலும்
என்னைப் பற்றி அதைத்தான் சொன்னார்கள்.'

அவரே பிடுங்கினார்.
வேர் மண்ணைத் தொட்டியிலேயே உதறிவிட்டு
மிச்சத்தைப் புழுக்களிடம் கொடுத்தார்.
வலையைப் பற்றி நான் பேசவில்லை.
ஜெனரேட்டருக்கு எவ்வளவென்று அவரும் சொல்லவில்லை.

ஏப்ரலில் அறுவடை.
அந்தக் கொக்கிகளிலேயே
தலைகீழாகத் தொங்கவிட்டேன்:
திர்சா, அவிஸ்,
கடைசிவரை பெண்ணாகவே நின்ற லேவி.
இருட்டில் பத்து நாள்.

விரல்வலி குறைந்ததா என்றால்,
சில இரவுகளில்.

நாலாவது கொக்கி காலி.
சீட்டாட வரும்போது
ஹெட்லி தன் கோட்டை அதில்தான் மாட்டுகிறார்.
பிறகு அதே கோட்டோடு
தபால் நிலையத்துக்குப் போகிறார்.
வரிசையில் நிற்பவர்கள்
மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு
வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.