சார்ஜரையும் சேர்த்து

லோயாட்டின் மூன்றாம் மாடியில்
ஒரு விரலால் தூக்கி நீட்டுகிறான்
ஜுன் ஹாவ் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்.
“ரிங்கான், காக். ரொம்ப ரிங்கான்.”
ரொம்ப மட்டும் தமிழில்.
யாரிடம் கற்றானோ.

என் கைப்பையில் தராசு இருக்கிறது.
உம்ராவுக்குப் பெட்டி நிறுக்க
நோர்ஹயாத்தி வாங்கிய தொங்கு தராசு,
வெள்ளிக்கிழமை இரவல் கேட்டது.
கொக்கியில் துணிப்பையை மாட்டி
அதற்குள் கணினியை இறக்கினேன்.
அவன் சிரிக்கவில்லை.
அதற்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று.

ஒன்று புள்ளி பூஜ்யம் ஐந்து.
தாளில் போட்டிருப்பது
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம்.
மீதி பையின் கனம் என்றான்.
சரி, சார்ஜரையும் போடு என்றேன்.
சுவரில் செருகாமல் எதுவும்
இரண்டாம் நாள் வேலை செய்வதில்லை,
அதையும் நான்தானே சுமக்கிறேன்.

பழையதைச் சொல்லவேண்டும்.
இரண்டு கிலோ அறுநூறு.
கீல் விட்டுப்போய்
ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய வாய்.
அதன் விசிறி இரைகிற இரைச்சலுக்கு
எல்.ஆர்.டியில் பக்கத்து இருக்கைக்காரர்கள்
எழுந்து போயிருக்கிறார்கள்.
பகலில் சுங்கை பீசி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின்
இருநூறு பேர் சம்பளம்.
இரவில் செந்தூல் அடுக்குமாடிகளின் டெங்கி:
எந்த வாரம் எத்தனை மில்லிமீட்டர் மழை,
அதற்கு எத்தனை நாள் கழித்து
எந்த புளோக்கில் காய்ச்சல்.
இரண்டையும் இடது தோளே சுமந்தது.

மூட்டை தூக்கும் வேலையா என்று கேட்டாள்
பிசியோவில் இருந்த பெண்.
இல்லை, முதுகலை படிக்கிறேன்.
“பெயரிலேயே முதுகு இருக்கிறதே அக்கா”
என்று சொல்லிவிட்டு
சூட்டுப் பொதியை அழுத்தி வைத்தாள்.

சந்தையில் குறைத்து நிறுத்தால்
சண்டைக்குப் போவோம்.
இங்கே குறையக் குறையக்
கூடக் கேட்கிறார்கள்.
கிலோவுக்குக் கீழே என்றால் ஆறாயிரத்து இருநூறு.
ஒன்றேகால் கிலோ, மூவாயிரத்து நானூறு.
கணக்கு எழுதிப் பிழைப்பவள்,
கை தானாகவே வகுத்துவிட்டது:
என்னிடம் இல்லாமல் இருக்கப்போகும் கிராம்
ஒவ்வொன்றுக்கும்
பத்து ரிங்கிட்டுக்கு மேல்.

இரண்டையும் தட்டிப் பார்த்தேன்.
விலை கூடியதன் திரையில்
எனக்கு முன் வந்தவர்கள் விட்டுப்போன
நீளமான ஆஆஆஆ.
விலை குறைந்ததில் யாரோ
தன் வீட்டு வாடகையைக் கூட்டியிருந்தார்கள்.
விடை சரியாக இருந்தது.

மடியில் கனமில்லாதவனுக்கு
வழியில் பயமில்லையாம்.
சொன்னவருக்கு மேசை இருந்திருக்கும்.
எங்கள் வீட்டின் ஒரே மேசையில்
தங்கை கௌசிகா கேக்குக்கு கிரீம் பூசி விற்கிறாள்.
என் மேசை என் மடிதான்,
உட்கார இடம் கிடைக்கிற நாட்களில்,
செந்தூல் தீமோரிலிருந்து சுங்கை பீசி வரைக்கும்.
கனம் இல்லாமல் எப்படி?
எவ்வளவு கனம் என்பதுதான் கேள்வி.

ஒன்றேகால் கிலோ, பன்னிரண்டு தவணை.
கையெழுத்துப் போட்டதும்
அந்தப் பழமொழி பலித்துவிட்டது,
மடியில் ஒரு சல்லி இல்லை.

பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற
மூன்று மணி நேரம் ஆகும் என்றான் ஜுன் ஹாவ்.
கடை அடைக்க முக்கால் மணி.
விட்டுப்போங்கள், நாளை வாங்குங்கள் என்றான்.
நாளை சம்பளம் போடும் நாள்.

ஆக, இலேசானது வாங்கிய இரவு
தோளில் இரண்டு கணினி, இரண்டு சார்ஜர்.
தராசைக் கொக்கியில் மாட்டிப் பார்த்தேன்,
நாலு கிலோ எழுநூறு.
ஜுன் ஹாவ் இந்தமுறை சிரித்தான்.
நானும்.

ஹங் துவாவில் ரயில் மாறும்போது
மழை பிடித்துக்கொண்டது.
புதியதில் சார்ஜ் ஏற்றவில்லை.
ரப்பர் பட்டையை அவிழ்த்துப் பழையதைத் திறந்து
முப்பத்தெட்டாம் வாரம், கனமழை, இரவு ஒன்பது நாற்பது
என்று குறித்தேன்.
விசிறி இரையத் தொடங்கியது.
பக்கத்திலிருந்தவர் எழுந்து போனார்.

அந்த இடத்தில்
புதியதைப் பெட்டியோடு உட்காரவைத்தேன்.