தோற்ற மாப்பிள்ளை

மெரில்டாவின் ஐந்து படங்களிலும்
அந்த மற்றவன் நான்தான்.
கடைசிப் பத்து நிமிடத்தில்
பெண்ணை விட்டுக்கொடுத்து
பலகாரத் தட்டோடு திரும்பிப் போகிறவன்.

பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறேன்.
மண்ணெண்ணெய்க்கு வருகிறவர்கள்
"இந்தமுறையும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுத்தான்
கானை நீட்டுவார்கள்.

கஸ்தூரியார் வீதியில்
கலியாண வீடியோ வெட்டி ஒட்டினவள் அவள்.
தாலிக்கு மேல் ரோசாப்பூ தூவுவது,
மணமக்களை இதயத்துக்குள் அடைப்பது,
தலைக்கு இவ்வளவு என்று கூலி.
"தாலி கட்டுறதில ஒண்டுமில்லை.
அதுக்கு முதல் மாப்பிள்ளை மூக்கைச் சொறிவான் பாருங்கோ,
அங்கதான் கதை."
வெட்டின மூக்குகளையெல்லாம்
ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தாள்.

முதல் படம் பருத்தித்துறை பஸ்ஸில்.
அவன் கடைசித் தரிப்புக்கு டிக்கெட் எடுத்து
அவளுக்காக நெல்லியடியில் இறங்குவான், தினமும்.
நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவேன்.
எண்ணெய்க் காசு என்னுடையது.

இரண்டாவதில் ஒரு குடை.
குடைக்குக் கீழே நாலு செருப்பு,
இரண்டு மெல்ல நுனிக்காலில் எழும்பும்.
அவ்வளவுதான்.
ஞாயிறு பூசை முடிய சுவாமி கூப்பிட்டுக் கேட்டார்,
"குடைக்குள்ள என்ன நடந்தது, பிள்ளை?"
"மழை, சுவாமி."

மூன்றாவதற்குக் காசு தர வந்த வெளிநாட்டுக்காரர்
கதையை வாசித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.
யுத்தம் எங்கே என்றார்.
பதினேழாம் பக்கம் என்றாள்.
பதினேழாம் பக்கத்தில் ஒருவன்
காதலியைப் பிடிக்க ஓடுகிறான்.
வீடு எதிரே தெரிகிறது, வீதி நேரே கிடக்கிறது,
அவன் ஊரைச் சுற்றி ஓடுகிறான்.
ஏன் என்று யாரும் சொல்வதில்லை.
இங்கே திரையிட்டபோது
முள்கம்பி தெரியுமுன்பே சனம் சிரித்தது.
எல்லாரும் சுற்றிப் போன கால்கள்.
பாரிசில் ஒருவரும் சிரிக்கவில்லையாம்,
நல்ல ஓட்டம் என்று கைதட்டினார்களாம்.

நாலாவதை எண்ணிப் பதினொரு பேர் பார்த்தார்கள்.
அதில் ஒருவர் நித்திரை.
காமராவை அடகு வைத்துவிட்டு
இரண்டு வருடம் மறுபடியும் ரோசாப்பூ தூவினாள்.
அதைப்பற்றி நான் கேட்டதில்லை.
ஐந்தாவதில் மட்டும்
சிரிப்புக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம்
கூடுதலாக விட்டிருந்தாள்.
அங்கே மண்டபமே அமைதியாய் இருந்தது,
பிறகுதான் வெடித்தது.

போன கிழமை ஆறாவதன் கதை வந்தது.
நான் தோற்கும் இடத்தைத் தேடிப் பின்னாலிருந்து புரட்டினேன்.
கடைசித் தாள் இல்லை.
"இன்னும் எழுதேல்லை," என்றாள்
தலையில் ஏற்றிய கண்ணாடியை மேசையெங்கும் தேடியபடி.
"நீங்கள் வடிவாத் தோக்கிறியள்.
அதைக் கெடுக்கவும் மனமில்லை."

அதே பட்டுச் சட்டைதான், ஐந்து படத்துக்கும்.
டெயிலரிடம் கொண்டுபோனேன்.
"இந்தமுறை எப்பிடி?" என்றார், ஊசியைப் பல்லில் கடித்தபடி.
தெரியாது என்றேன்.
வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தாராளமாய் விடச் சொன்னேன்,
கலியாணச் சாப்பாடு
இருந்தாலும் இருக்கும்.