இரண்டு மணி நேரத்துக்குள்

மேசைமேல் மூன்று பள்ளிகள்.
மூன்றின் அட்டையிலும் புல்வெளி.
பிரைடி கட்டடங்களைப் பார்க்கவில்லை.
"இவ்வளவு புல்லுக்கு யாரு தண்ணி விடறாங்க?"
என்று மட்டும் கேட்டாள்.

மழை பெய்து பத்தொன்பது மாதம்.
லாக்லன் விடியும் முன்பே கிளம்பி
முல்கா மரங்களைச் சாய்த்துப் போடுகிறான்.
ரம்பத்தின் சத்தம் கேட்டால் போதும்,
மாடுகள் ஓடி வருகின்றன,
ஓட முடிந்தவை.

ஆறாம் வகுப்பு வரை பாடம்
திரையில் வீட்டுக்கே வந்தது.
அதற்கு மேல் பாடம் வராது,
பிள்ளைதான் போக வேண்டும்.

முதல் பள்ளி எழுநூறு கிலோமீட்டர்.
குதிரையைக் கூட்டி வரலாமாம்.
கட்டணத்தைப் படித்துவிட்டு லாக்லன்
"நாப்பது மாடு" என்றான்.
"வருஷத்துக்கா?"
"பருவத்துக்கு. இன்னிக்கு விலைக்கு."

இன்னொன்று கடலோரம்.
கடலைப் பிரைடி பார்த்ததில்லை,
பார்த்தே ஆக வேண்டும் என்றும் இல்லையாம்.

மூன்றாவது பிரிஸ்பேனில், நான் படித்தது.
அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.
தேநீர்க் கோப்பை வைக்க வசதியாக இருந்தது.

விண்ணப்பங்கள் கேட்டன.
நீச்சல் தெரியுமா?
தெரியும். பண்ணைக் குட்டையில்,
அடிச்சேறு காலில் படக் கூடாதென்று
மிதக்கக் கற்றவள்.
இப்போது அதே குட்டையில்
அவள் முழங்கால்கூட நனையாது. அதை எழுதவில்லை.

மகளின் தனித்திறன்?
லாக்லன் எழுதினான்: பஞ்சர் ஒட்டுவாள்.
நான் அடித்துவிட்டு "தலைமைப் பண்பு" என்றேன்.
காலையில் பார்த்தால்
என் வரியின் மேல் கோடு,
கீழே அவள் கையெழுத்தில்
பஞ்சர். டிராக்டர் டயர் உட்பட.

நேர்காணலன்று ஜெனரேட்டரை முன்பே ஓடவிட்டு
நாயை வெளியே கட்டி
தலை வாரி உட்கார வைத்தேன்.
"வீட்டைப் பிரிஞ்சா எதை நினைச்சு ஏங்குவ?"
பிரைடி அசையவில்லை.
திரை உறைந்துவிட்டதென்று எண்ணி அந்த அம்மாள்
ஹலோ, ஹலோ என்று தட்டினாள்.
"இருக்கேன். யோசிக்கிறேன்."
பிறகு சொன்னாள்:
"எந்த மாடு செத்துச்சுன்னு
அன்னிக்கே எனக்குத் தெரியாது."

அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டாள்.
நான் கதவுக்குப் பின்னால் நின்று
துடைத்த தட்டையே துடைத்தேன்.

மூன்று விண்ணப்பத்திலும் கடைசிப் பக்கத்தில்
ஒரே கட்டம்.
அவசரம் என்றால்
இரண்டு மணி நேரத்துக்குள் வரக்கூடியவர் பெயர்.

இரண்டு மணி நேரத்தில் நாங்கள்
ஏழு வேலிக் கதவுகளைத் திறந்து மூடி
தார்ச்சாலையைத் தொட்டிருப்போம்.

நான்கு இரவு அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது.
மாடு ஏற்றும் லாரிக்காரன் பெயரைப்
போடலாமா என்றான் லாக்லன்.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஐந்தாம் இரவு, கவிழ்த்து வைத்ததை நிமிர்த்தினேன்.
அட்டைப் புல்வெளியில் கோப்பையின் வட்டக்கறை.
விடுதி இன்னும் அதே கட்டடம்.
மேல்மாடி, இடப்பக்கம், ஐந்தாவது சன்னல்.
அங்கே என் பக்கத்துக் கட்டிலில் நெரிடா.
முதல் மாதம் நான் அழுத இரவுகளில்
ஒரு வார்த்தை பேசாமல்
காலை நீட்டி என் மெத்தையில் வைத்திருப்பாள்
நான் தூங்கும்வரை.
பகலில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.
அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை,
மாடு வளைக்கும் காலம்.
அதோடு இருபத்திரண்டு வருடம்.

எண்ணைத் தேடிப் பிடிக்க மூன்று பேரிடம் கேட்டேன்.
பெயரைச் சொன்னதும்
கம்பியில் நெடுநேரம் ஒன்றுமில்லை.
"தூக்கத்துல இன்னும் பல்லைக் கடிக்கிறியா?"
கடிக்கிறேன் என்றேன்.
"பொண்ணு?"
அவளும்தான்.
"பதினேழு நிமிஷம்னு எழுது.
சிக்னல் விழுந்தா இருபது."

வியாழன் வரவேண்டிய தபால் விமானம்
வெள்ளி வந்தது.
உறையைத் தானே கொடுத்துவிட்டு
புழுதி அடங்குமுன் பிரைடி
தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா பார்க்கப் போனாள்.
பாதி வழியில் திரும்பிக் கத்தினாள்:
"அம்மா, அந்தப் புல்லு மேல நடக்க விடுவாங்களா?"

விடமாட்டார்கள்.
காற்று எதிர்த்திசை,
கேட்காதது போல நின்றேன்.