மூன்று நகல்

பாளையங்கோட்டை கோர்ட்டு வாசலில்
என் மெஷினில் ‘ர’ மட்டும்
வரியை விட்டு ஒரு நூல் மேலேறி உட்காரும்.
பதினாறு வருசமாய் அப்படித்தான்.
ரிப்பேருக்குக் கொடுத்தால் இரண்டு நாள் கூலி போய்விடும்.

முக்கூடல் பூலம்மாள்
முந்தியை அவிழ்த்து அந்தத் தாளைப் பிரித்தபோது
படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது எனக்கு.
‘வரவு’ என்ற சொல்லுக்கு நடுவே
தலை தூக்கிக்கொண்டிருந்தது.

“மகன் விபத்து நஷ்டஈடு முழுவதும்
வரவாகிவிட்டபடியால்
இனி எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை.”

நான் அடித்ததுதான்.
சங்கரநயினார் சாருடைய குமாஸ்தா
டீ கிளாஸைப் பிடித்தபடி சொல்லச் சொல்ல அடித்தேன்.
தொகை எழுதும் இடத்தைக் காலியாக விடச் சொன்னார்.
விட்டேன்.
ஏன் என்று கேட்பது
பக்கத்துக்கு இருபது ரூபாயில் அடங்காது.

தீர்ப்பில் பதினொன்றே முக்கால் லட்சம்.
இவள் கைக்கு வந்தது ஐந்து.
வீரவநல்லூர் வளைவில்
வாழைத்தார் லாரிக்கு அடியில் போன பையன்.
“பாஸ்புக்கையும் அவியளே வச்சிருந்தாவ தாயி.
வெறுந்தாள்ல ஏழு எடத்துல கையெழுத்து கேட்டாவ.
போட்டேன்.
ஆயிரம் பீடிக்கு நாலு கொறஞ்சாலும்
கடைக்காரரு கண்டுபிடிச்சிருதாரு.
இத ஆரு எண்ணுவா?”

பார் கவுன்சிலுக்கு எழுதலாம் என்றேன்.
சொன்ன பிறகுதான்
என் குரல் எனக்கே கேட்டது.
நாலு மேசை தள்ளி இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பிரமாணப் பத்திரத்தில் முத்திரை வேண்டும்.
முதல் நோட்டரி எதிராளியின் பெயரைப் படித்தார்,
முத்திரை வீட்டில் இருக்கிறது என்றார்.
(காலையில் இரண்டு தடவை குத்தியதை நான் பார்த்திருந்தேன்.)
அடுத்தவருக்கு மை தீர்ந்துவிட்டது.
மூன்றாமவர் நல்லவர். உண்மையாகவே நல்லவர்.
பூலம்மாளை பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னார்:
“அம்மா, நாளைக்கு நானும் அவரும்
ஒரே கேன்டீன்லதான் சாப்பிடணும்.”

சேரன்மகாதேவிக்கு பஸ் ஏறினோம்.
அங்கே ஒருத்தர், வழுக்கைத் தலை, பெயர் ஜோதிபாசு,
முழுவதும் படித்தார்.
அவளுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டினார்,
புரிந்ததா என்று கேட்டார்.
பதிவேட்டில் எழுதினார், குத்தினார்,
கட்டணம் வாங்கினார், ரசீது கொடுத்தார்.
வேறொன்றும் பேசவில்லை.
வக்கீல் ஒருவர் கட்சிக்காரருக்கு ரசீது கொடுத்து
நான் பார்த்தது அது மூன்றாவது தடவை.

பஸ் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட்டதுபோல் சொல்கிறேன்.
அதற்கு முந்தின இரவு
ஏழாவது பத்தியில் நின்றுபோயிருந்தேன்.

“மேற்படி ரசீதில் நான் கையெழுத்திட்டபோது
தொகை நிரப்பப்படவில்லை.
இதை அறிந்தவர்”

அறிந்தவர் யார்?
குமாஸ்தா. அவர் சொல்ல மாட்டார்.
சார். அவர் அடுத்த மாதம் சங்கத் தேர்தலில் நிற்கிறார்;
போன வாரம் சட்டக் கல்லூரியில்
தொழில் தர்மம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.
அந்தப் பேச்சையும் நான்தான் அடித்தேன், ஒன்பது பக்கம்.
அதிலும் ‘தர்மம்’ என்று வரும் இடமெல்லாம்
‘ர’ மேலேறித்தான் இருந்தது.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
கார்பன் தாள் நகராமலிருக்க
ஸ்டேப்ளரைத் தூக்கி மேலே வைத்தேன்.
அடித்தேன்:
எஸ்தர் ஞானமணி, தட்டச்சர், கோர்ட்டு வாசல்.
மூன்று நகலிலும் விழுந்தது.
கடைசி நகலில் மங்கல்தான்,
ஆனாலும் படிக்கலாம்.

விசாரிப்பார்களோ, வருசக்கணக்கில் கிடக்குமோ.
அவர் கட்டு இனி என் மேசைக்கு வராது,
அது மட்டும் தெரியும்.
யாராவது லென்ஸ் வைத்துப் பார்த்தால்
ரசீதும் புகாரும் ஒரே மெஷின் என்று கண்டுபிடிப்பார்கள்.
கண்டுபிடிக்கட்டும்.

தபாலில் சேர்த்துவிட்டு வந்தோம்.
பூலம்மாள் கூலி எவ்வளவு என்றாள்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் மேசையில் வைத்துவிட்டாள்,
பத்தும் இருபதுமாய், புகையிலை வாசத்தோடு.

“எண்ணிப் பாத்துக்கோங்க,” என்றாள்.
எண்ணினேன்.