ஒரே தராசு

எங்கள் சமையலறை மேசையில் ஒரு தராசு.
காலையில் அது எனக்கு.
ரொட்டியில் பத்து கிராம் பிசகினால்
ஊசியில் ஒரு கோடு பிசகும்.
மாலையில் சையாவுக்கு.

ஔலு நகரத்தில் நவம்பர்.
மூன்று மணிக்கே வெளிச்சம்
கடையைக் கட்டிவிடும்.
அவள் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறாள்,
இரவு பத்து முதல் காலை ஆறு வரை.
பகலில் தூக்கம். மாலையில் இரும்பு.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்.
திங்கள், ஸ்குவாட்: சோறு, உருளைக்கிழங்கு, ஓட்ஸ்,
மேலும் கொஞ்சம் சோறு.
செவ்வாய், மார்புப் பயிற்சி: நடுவாந்தரம்.
புதன், பளுவும் இல்லை மாவும் இல்லை.
முட்டை, மீன், முட்டைக்கோஸ்,
போதாவிட்டால் முட்டைக்கோஸ்.
வியாழன், டெட்லிஃப்ட்: மறுபடி தீபாவளி
என்று சொல்வதற்கு
எங்கள் ஊரில் அப்படியொரு பண்டிகை இல்லை.
உருளைக்கிழங்கு இருக்கிறது.

“தூக்குகிற நாளில் அடுப்புக்கு விறகு வேண்டும்.
தூக்காத நாளில்
உடம்பு தன் பரணில் ஏறி
கிடப்பதை எடுத்து எரிக்கட்டும்” என்பாள்.
பரண் எரிகிறதா, தெரியாது.
புதன்கிழமைகளில்
என்மேல் எரிந்து விழுவது நிச்சயம்.

மார்ச்சில் போட்டி.
எழுபத்தாறு கிலோப் பிரிவு.
இப்போது எண்பதரை.
நாலரை கிலோ குறைய வேண்டும்,
பார்பெல்லில் இருப்பது
ஒரு கிலோவும் குறையக் கூடாது.
இதற்குத்தான் இத்தனை ஏற்ற இறக்கம்.

டிப்போவில் ரைமோ
ஏலக்காய் பன் சுட்டுக்கொண்டு வருவது
எப்படியோ புதன்கிழமைதான்.
ஒருமுறை அந்த வாசனையோடு வண்டியேறியவளுக்கு
நகரம் முழுக்க
மைதா கொட்டிக் கிடப்பதாகத் தெரிந்ததாம்.
விடியும்வரை வழித்து வழித்து
தெருவோரம் குவித்தாளாம்.

எனக்கு ஒன்பது வயதில் கணையம் கைவிரித்தது.
அன்றிலிருந்து
என் தட்டில் சோறு விழும் முன்
ஓர் எண் விழும்.
“உனக்கென்ன, விளையாட்டுக்கு எண்ணுகிறாய்”
என்று ஒருநாள் வாய்விட்டேன்.
இரண்டு நாள் பேசவில்லை.
அதில் ஒன்று சோற்று நாள்.
அப்போதும் பேசவில்லை.

போன புதன்
பனி விழவில்லை, அழைப்பும் வரவில்லை.
வீட்டில் தூங்கினாள்.
மூன்று மணிக்கு என் கையில் ஒட்டிய கருவி
கத்தத் தொடங்கியது.
இரண்டு புள்ளி ஆறு.
சட்டை நனைந்து
நாக்கு வேறு யாருடையதோ போல் கிடந்தது.

முதலில் புளுபெர்ரி சாறு.
பிறகு,
வியாழக்கிழமைக்கென்று பெயரெழுதி
மூடி வைத்திருந்த அரிசிப் பை.
“தார்மோ, விழுங்கு.”
பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள்.
இருட்டில் எதையும் நிறுக்கவில்லை.

மூன்று புள்ளி ஒன்று.
மூன்று புள்ளி எட்டு.
நான்கு தாண்டியதும் விளக்கைப் போட்டாள்.
கட்டைவிரலில்
வெண்ணெயோடு நாலைந்து பருக்கை.
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் வாய் பக்கம் கொண்டுவந்தாள்,
பாதி வழியில் திருப்பிக்கொண்டாள்.

காலையில் தாளில்
புதனுக்கு நேரே புதிதாக ஒரு வரி:
அரிசிப் பை, விரல்நுனி அளவு.
அடுத்த கட்டத்தில்
கிராம் எழுதும் இடத்தில்
பென்சிலை வைத்து அழுத்தியிருந்தாள்.
புள்ளி மட்டும் இருந்தது.

வியாழன் ஜிம்முக்கு நானும் போனேன்.
நூற்று நாற்பத்தைந்து கிலோ
முழங்கால் தாண்டி ஏறும்போது
என் கருவி மறுபடி அலறியது.
இந்த முறை மேலே, பதினொன்று.
வண்டி வண்டியாகத் திட்டிக்கொண்டே
இரும்பை விடாமல் நிமிர்ந்தாள்.

வீட்டில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.
தராசை யார் முதலில் எடுப்பது என்று
கொஞ்ச நேரம் இருவரும்
கைகழுவிக்கொண்டே நின்றோம்.