நீ வாடு

ஏழாவது உரையாடலுக்குக் "கடல் யாருடையது?" என்று
பெயர் வைத்திருந்தாள் ரம்லத்.
முதல் ஆறில்
ஜனநாயகம், சாதியும் சினிமாவும், எந்திரம் கவிதை எழுதுமா
என்றெல்லாம் பேசி முடித்திருந்தோம்.
பேசியவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும்
நல்ல மைக் வைத்திருந்தார்கள்.
கேட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஒருவர் தோஹாவில்.
ஒருவர் தலைமன்னாரில்.

பாம்பன் தெற்குவாடியில் பூட்டிக் கிடந்த
மீன் கம்பெனி அறைதான் எங்கள் ஸ்டூடியோ.
சுவரெல்லாம் தெர்மாகோல் பெட்டி மூடிகள்.
எதிரொலியைக் குடித்துவிடும்,
காரல் நாற்றத்தை மட்டும் கக்கும்.

நம்புத்தாய் சின்னப்பாலத்திலிருந்து வந்திருந்தார்.
"பொதுவளம் என்ற கருத்தை
நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?"
அவர் மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"தண்ணி தெளிஞ்சிருந்தா பாப்பேன்."

எல்லைகள் பற்றிப் பேச்சு போனபோது
கைப்பேசி மேசையில் அதிர்ந்தது:
இலங்கைக்கு வரவேற்கிறோம்.
யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை.

அன்றிரவு
ஒன்றரை மணி நேரப் பேச்சை
எழுத்தாக்கும் செயலியிடம் கொடுத்தேன்.
நான்கே நிமிடம்.
ரம்லத் பேசியதில் ஒரு பிழை இல்லை.
இறையாண்மை, நவதாராளமயம்,
சந்தியில் ஒற்றுக்கூட மிகுந்திருந்தது.

நம்புத்தாய் பேசியது இப்படி வந்தது.

நீவாடு மாறுனா எறங்க மாட்டோம் என்றது
*நீ வாடு. மாறுனா எறங்க மாட்டோம்.*

கச்சான் எழும்பிட்டா கரைதான் என்றது
*மச்சான் எழும்பிட்டா கரைதான்.*

பாருக்கு மேல நின்னா கால் கிழியும் என்றது
*யாருக்கு மேல நின்னா கால் கிழியும்?*
(ரம்லத்தின் தாளில் இந்தக் கேள்வி இல்லை.)

பன்னெண்டு வயசுல பாசி எடுக்கப் போனேன் என்றது
*பன்னெண்டு வயசுல பசி எடுக்கப் போனேன்.*

எந்திரத்தால் கவிதை எழுதவே முடியாதென்று
ஐந்தாம் உரையாடலில் ஒரு பேராசிரியர்
நாற்பது நிமிடம் நிரூபித்திருந்தார்.
மணி ஒன்றரை. பாலத்தில் ரயில் ஊர்ந்தது.
ரம்லத்துக்கு அனுப்பினேன்.
தூங்காமல் இருந்திருக்கிறாள், உடனே பதில்:
"பசியில் கை வைக்காதே. அதுதான் தலைப்பு."

மறுநாள் பாலத்தடியில்
பாசியை விரித்துக் கொண்டிருந்தார் நம்புத்தாய்.
விரல்களில் சுற்றிய துணிக்கிழிசல் இன்னும் ஈரம்.
வனத்துறைக்காரர் போன மாதம் பிடுங்கிப் போன சாக்கைப் பற்றி
முதலில் சொன்னார்.
அது ஒலிப்பதிவில் இல்லை.

தாளை நீட்டினேன்.
மச்சானில் விழுந்து விழுந்து சிரித்தார்,
பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.
அடுத்த வரிக்கு வந்ததும்
சிரிப்பு நின்றது.

"இத மாத்துங்க."

"கேட்க நல்லா இருக்குன்னு ரம்லத்..."

"பாசி கிலோ எழுபத்தஞ்சு.
பசிய எவன் எட போட்டு வாங்குவான்?"
ஈரவிரலால் அந்த எழுத்தைத் தொட்டார், மை கலங்கியது.
"எங்களப் பத்தி எழுத வாரவுக எல்லாரும்
இப்பிடித்தான்,
ஒரு கால வெட்டிட்டு எழுதுறாக."

கால் போட்டேன்.
யாருக்கு மேலே என்பதைப் பாருக்கு ஆக்கினேன்,
கொஞ்சம் தயங்கித்தான்.
நீயையும் வாடுவையும் சேர்த்து வைத்தேன்.
மச்சான் மட்டும் இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார்,
வீட்டுக்காரருக்குக் காட்டணுமாம்.

தலைப்பு இல்லாமல் கோபத்தில் இருக்கிறாள் ரம்லத்.

மீதம் ஒரே ஒரு இடம்.
நாற்பத்தோராம் நிமிடம்,
"அப்படியென்றால் கடல் யாருடையது?"
பதிலுக்கு நேரே எந்திரம்
*தெளிவில்லை* என்று போட்டிருந்தது.
ஹெட்போன் மாட்டி ஐந்து முறை கேட்டேன்.
சிரிக்கிறார்.
நாற்காலி நகர்கிறது.
கதவுப் பக்கமிருந்து, மைக்கை விட்டுத் தள்ளி,
"நீவாடு திரும்பிருச்சு,
நான் கெளம்பட்டா?"