இரண்டு வரிக்குள் எழுதவும்

பெயர் எழுதியாயிற்று: சலோஷ்னி முனுசாமி.
வயது பதினாறு. மெரிபேங்க், டர்பன்.
மூன்றாவது கட்டத்தில் பேனா நிற்கிறது.

"கடல்சார் முன் அனுபவம்:
இரண்டு வரிக்குள் எழுதவும்."

ஆய்வுக் கப்பலில் ஐந்து நாள்,
பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டே இடம்.
அனுபவம் வேண்டித்தான் நான் இடம் கேட்கிறேன்;
இடம் தர அவர்கள் அனுபவம் கேட்கிறார்கள்.
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

விக்டோரியா தெரு மீன்சந்தையில்
பூபாலன் கடைக் கழிவுக்கூடையை
சனிதோறும் கேட்டு வாங்குகிறேனே, அதை எழுதலாமா?
தலை மட்டும் போதும் என்றேன்.
பூனைக்கா என்றார்.
ஆமாம் என்றேன், விளக்குவதைவிடப் பூனை எளிது.
கத்தியால் மண்டையைப் பிளந்தால்
மூளைக்கு அடியில் இரண்டு காதுக்கல்,
சிலது குருணை, சிலது மொச்சை.
தேய்த்து, விளக்குக்கு நேரே பிடித்தால்
வளையம் வளையமாய் மீனின் வயது.
முன்னூற்று அறுபத்தேழு கல்
அம்மாவின் காலி மாத்திரைப் பெட்டிகளில், தேதியோடு.
அதில் ஒரு மீன் எனக்கு மூத்தது.
அன்றைக்குக் குழம்பில் நான் கை வைக்கவில்லை.

கட்டிங்ஸ் கடற்கரையில் ம்தோகோசிசி தூண்டில் போடுவான்.
என் வகுப்புதான், கணக்கில் என்னைவிடக் கெட்டி.
அவன் பைக்குள் மீன் போகுமுன் ஒரு நொடி எனக்கு:
மூக்கிலிருந்து வால்வரை தையல் நாடா.
முதலில் சிரித்தான்.
இரண்டாம் மாதம், காய்ச்சலில் நான் வராத நாளில்
அவனே அளந்து
சிகரெட் அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்திருந்தான்,
அரை சென்டிமீட்டரும் விடாமல்.
யாருக்கு இதெல்லாம் என்று கேட்டான்.
தெரியாது என்றேன்.
அப்போது நிஜமாகவே தெரியாது.

ஜூலையில் மத்தி வந்த வாரம்
அவன் அண்ணன் படகில் என்னையும் ஏற்றினார்கள்.
அலை உடைகிற இடம் தாண்டியதும்
காலையில் தின்றது கடலுக்கு.
திரும்பும்போது நேற்றுத் தின்றதும்.
இடையில்,
வாளியில் மொண்ட நீரில் வெப்பமானி நட்டேன்:
பத்தொன்பது புள்ளி நான்கு.
அந்த எண்ணின் மேல் ஒரு துளி எச்சில் காய்ந்திருக்கிறது
என் நோட்டில், இன்னும்.

இத்தனையும் இரண்டு வரிக்குள் எப்படி?
சுருக்கிப் பார்த்தேன்:
"மீன் அளந்தேன். வாந்தி எடுத்தேன்."
ஒரு வரி மிச்சம்.

அடுத்த கட்டம் அதைவிடச் சின்னது.
நீந்தத் தெரியுமா? ஆம். இல்லை.

முழங்காலுக்கு மேல் நனைந்து வந்தால்
கதவு திறக்காத வீடு எங்களுடையது.
'ஆம்' எதிரே ஒரு கோடு கிழிக்க
எவ்வளவு நேரம் ஆகும்?
பூனை என்று சொன்ன வாய்தானே.
ஆனால் கல்லை எண்ணும்போது
இல்லாத ஒரு வளையத்தை
நான் சேர்த்து எழுதியதில்லை.

இல்லை.

செவ்வாய் மாலை, நகராட்சி நீச்சல் குளம்.
ஆறு வயதுப் பிள்ளைகளின் வரிசையில்
கடைசி ஆள், ஒரே நெட்டை, நான்.
மஞ்சள் பலகையைக் கட்டிக்கொண்டு காலை உதைத்தால்
போன தூரத்தைவிடத் தெறித்த தண்ணீர் அதிகம்.
முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பயல்
பக்கத்தில் மிதந்துகொண்டே சொன்னான்:
"மூச்சை உள்ளே வெச்சுக்காதே அக்கா,
மூக்கால விடு."
விட்டேன்.
முகம் உள்ளே. கண் திறந்தேன்.
நீல ஓடுகள், யாருடையதோ ஒரு கொண்டை ஊசி,
என் காதுக்குள் என் கல்லின் மேல்
முதன்முதலாய்த் தண்ணீரின் எடை.

படிவம் பையில் இருக்கிறது, ஒரு மூலை நனைந்து.
வெள்ளிக்கிழமை கெடு.
மிச்ச வரிக்கு ஒன்று கிடைத்துவிட்டது:

நீருக்கு அடியில், பதினொரு நொடி.